இசைத்தொழிலும் ஆசிரியர் துணையும்



பண்ணைப்புரத்து இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யால் ஒரே நாளில் உயர்ந்தார் என்கிறோம். அதற்கு முந்திய ஆண்டுகளை நாம் எண்ணுவதில்லை. தமையனார் பாவலர் வரதராசன் குழுவில் ஊர் ஊராய் வாசித்தவர், 1968இல் சென்னை சேர்ந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசைக்குறிப்பு கற்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராயிருந்து அக்கல்வியைத் தொழிலாக்கிக்கொண்டார்.

நம் பிள்ளைகளின் பறையோசைக்கு ஊரே ஆடுகிறது. (கூலி பேசுகையில் மட்டும் ஊருக்குக் காது கேளாது!) கைத்திறன் உண்டு, குறிப்புப் படிக்கக் கற்பிப்பார் இல்லை. நம் சங்கத்து இரவுப் பள்ளியில் வாரம் இரு மாலை அவ்வகுப்பு நடத்த இடமுண்டு. ஆசிரியருக்கு ஊதியம் வேண்டும். மாதச் சந்தா தர இசையும் உறுப்பினர்கள் இன்றே பெயர் பதியுமாறு வேண்டுகிறோம். பதிவேடு மேடையருகே இருக்கிறது.