தெளிந்த பின் மலர்ந்த அன்பு



சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கப்பட்டது. 2022 அக்டோபரில், அங்கே சிகிச்சை பெற்றுத் தேறிய ஓர் ஆணும் பெண்ணும் அந்த வளாகத்துக் கோயிலிலேயே திருமணம் செய்துகொண்டார்கள். காப்பகத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் திருமணம் என்றார்கள்.

நம் அவனியாபுரத்தில் நாம் என்ன செய்கிறோம்? “ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி, நோயை மறைத்துத் தாலி கட்ட வைக்கிறோம். இல்லையென்றால், மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு இனி வாழ்வே இல்லை என்று மூலையில் உட்கார வைக்கிறோம். இரண்டுமே அநீதி. திருமணம் மருந்து அல்ல. மருந்து சாப்பிடுவது திருமணத்துக்குத் தடையும் அல்ல. அந்த இருவரும் முதலில் தேறினார்கள். ஒருவர் பட்ட துன்பத்தை மற்றவர் அறிந்தே மனம் ஒத்தார்கள்.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், கல்லறைகளில் அலைந்த மனிதர் தெளிவடைந்ததும் இயேசுவோடு செல்ல விரும்பினார். இயேசுவோ அவரை வீட்டுக்கு, சொந்தபந்தங்களிடம் அனுப்பினார். உறவுக்குள் திரும்பும்போதுதான் நலம் முழுமை அடைகிறது. அப்படித் திரும்பி வருகிறவருக்கு நம் வீட்டுக் கதவு திறக்கிறதா?

வரன் பேசும்போது உண்மையைச் சொல்வோம். உண்மையைச் சொன்னவரை மதிப்போம். ஆமென்.