பறையும் மின்கிதாரும்

வெள்ளிவிழா மேடையில் தலைமையாசிரியன் ஒருவன் எழுந்தால் கல்வியைப் பற்றித்தான் பேசுவான் என எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ இசையைப் பற்றிப் பேச விழைகின்றேன். என் மனத்தை நெடுநாளாக உறுத்திவரும் ஒரு நிகழ்ச்சியே அதற்குக் காரணம். அதனைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், நம் கரிசல் காட்டைப்போலவே பருத்தி விளையும் சமவெளி ஒன்று உண்டு. 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னும், கறுப்பின மக்கள் அங்கே பிறர் நிலத்தில் வாரத்திற்கு உழுது, கடனிலேயே உழன்றார்கள். அவர்கள் தம் துயரையும் காதலையும் கேலியையும் சேர்த்துப் பாடிய பாட்டுக்குப் புளூஸ் என்று பெயர். அந்தப் பருத்திக் காட்டில் வேலை செய்த மடி வாட்டர்ஸ் என்னும் இளைஞர், 1943இல் சிகாகோ நகருக்கு இரயிலேறினார். நம் பிள்ளைகள் திருப்பூருக்குப் பேருந்து ஏறுகிறார்களே, அதுபோலத்தான். பகலில் கூலி வேலை, இரவில் மதுக்கூடங்களில் பாட்டு. அங்கிருந்த இரைச்சலில் மரக்கிதாரின் ஒலி எவர் காதிலும் விழவில்லை. தம் குரல் கேட்கவேண்டும் என்பதற்காகவே அவர் மின்கிதாரைக் கையிலெடுத்தார். அவருடைய குழுவில் இருந்த லிட்டில் வால்ட்டர், மவுத்தார்கனையும் ஒலிவாங்கியையும் இரு கைகளுக்குள் சேர்த்துப் பொத்தி ஊதினார். சட்டைப்பைக்குள் அடங்கும் அக்கருவி கொம்பு வாத்தியம்போல் முழங்கிற்று.

அந்த இசைத்தட்டுகள் கடல் கடந்து இங்கிலாந்து சென்றன. 1962இல் இலண்டனில் சில வெள்ளை இளைஞர்கள் தொடங்கிய குழு, மடி வாட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ஒரு பாட்டின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. அதுவே உலகப் புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ். அவர்கள் நன்றி மறந்தவர்களல்லர். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, ஹவ்லின் வுல்ஃப் என்னும் மூத்த கறுப்பினப் பாடகரையும் உடன் மேடையேற்றினார்கள். எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. வில்லி டிக்சன் இயற்றி மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டின் அடிகளை, 1969இல் லெட் செப்பலின் குழு தன் பாட்டில் பயன்படுத்திக்கொண்டது. டிக்சன் பெயரைப் போடவில்லை. அவர் 1985இல் வழக்குத் தொடுத்தார். ஈராண்டு கழித்து உடன்பாடு ஏற்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களுள்ளும் பறையைச் சேர்த்துச் சொல்கிறது. அத்தகைய கருவி எங்ஙனம் இழிவின் அடையாளமாயிற்று என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. என் தந்தையார் பறையடித்தவர். வேப்பங்கட்டையில் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோலைத் தீயில் வாட்டி, விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் தோளில் மாட்டுவார். சாவு வீட்டின் தெருமுனையில் நின்று இரவெல்லாம் அடிப்பார். கேட்டுப் பெற்ற வேலையன்று, மறுக்க முடியாத வேலை. 'இனி அடிப்பதில்லை' என்று எங்கள் தெருவார் கூடி முடிவெடுத்த நாளில், அவர் அதைப் பரணில் ஏற்றிவிட்டார். அந்த முடிவு சரியானதே. இழிவாகத் திணிக்கப்பட்ட தொழில்களைக் கைவிடுங்கள் என்றுதானே அண்ணல் அம்பேத்கரும் நமக்குச் சொன்னார்?

ஆனால் நான் அத்துடன் நின்றேனில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஆண்டுவிழாவிற்கு ஒரு மாணவன் பறையைக் கொண்டுவந்தான். தாயார் பட்டாசுச் சரம் பின்னும் தொழிலாளி. "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்குத் தம்பி? உள்ளே கொண்டுவராதே" என்றேன். அவன் மறுமொழி கூறாமல் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். அன்று மாலை மேடையில் திரைப்படப் பாட்டு ஒன்றுக்குப் பிள்ளைகள் ஆடினார்கள். அந்தப் பாட்டின் தாளம் முழுவதும் பறைத்தாளம். முன்வரிசையில் அமர்ந்து நானும் கைதட்டினேன்! வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

என்னைப் போன்றோர் தயங்கிநின்ற காலத்திலேயே பிறர் முன்னே நடந்துவிட்டார்கள். 1990களில் மதுரையில் நடந்த தலித் கலைவிழாக்களில் பறை மேடையேறிற்று. 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. இரஞ்சித் முயற்சியால் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் பறையையும் மின்கிதாரோடு சேர்த்து முழக்கியது. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தம் பாட்டைத் தாமே எழுதி, தம் பெயரிலேயே அரங்கேற்றினார்கள். டிக்சன் நீதிமன்றம் சென்று பெறவேண்டியிருந்ததை இவர்கள் முதல் நாளிலேயே கைக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட செய்தியையும் நீங்கள் படித்திருப்பீர்கள்.

தந்தையாரின் பறையைச் சென்ற மாதம் பரணிலிருந்து இறக்கினேன். தோல் கிழிந்துவிட்டது, வேப்பங்கட்டை உறுதியாக இருக்கிறது. அதை இன்று சங்கத்திடம் ஒப்படைக்கின்றேன். தோல் கட்டத் தெரிந்த பெரியவர்கள் இருவர் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். கற்க விரும்பும் பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், கூட்டம் முடிந்ததும் அவர்களைச் சென்று பாருங்கள். படிப்புக் கெட்டுவிடும் என்று யாரேனும் தடுத்தால், அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.