நிவாரணப் பட்டியலில் ஒரு பல்லாங்குழி

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிற ஸ்ரீரங்கத்தில் வெள்ளத்தைப் பற்றிப் பேச முன்னுரை எதற்கு? 1977 நவம்பரில் திருச்சியைச் சூழ்ந்த தண்ணீர் 2005இலும் வந்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளையே அடித்துக்கொண்டு போயிற்று. வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்தையும் கல்யாண மண்டபத்தையும் திறந்து சோறு, பாய், மருந்து கொடுக்கிறோம். அதில் நம் ஊர் குறை வைப்பதில்லை. மண்டப மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் ஒன்றும் கொடுப்பதில்லை. அரிசி மூட்டையோடு அஞ்சாங்கல்லும் பல்லாங்குழியும் முகாமுக்குப் போக வேண்டும் என்கிறேன்.

நடந்ததையெல்லாம் உடனே சொல்லவைத்தால் பயம் தெளியும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஒரே அமர்வில் மனத்தைக் கிளறிவிட்டுப் போகும் அந்த முறை வேண்டாம் என்கிறது இன்று உலக சுகாதார நிறுவனம். மாறாக, போரில் அடிபட்ட இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் களிமண்ணோடும் கதையோடும் நாடகத்தோடும் ஒன்றாகப் பழகவிட்டது. சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முகாம்களிலும் படமும் விளையாட்டும் பிள்ளைகளை நெருங்கும் வழியாயின. அஞ்சாங்கல்லைக் கவனியுங்கள்: ஒரு கல் மேலே போய்க் கீழே வருவதற்குள் தரையில் கிடப்பதை அள்ள வேண்டும், அந்த நொடியில் கண்ணும் கையும் வேறெங்கும் போக முடியாது. பல்லாங்குழியில் நாலைந்து காயே மிஞ்சியவளும் குழிக்கு ஒன்றாகப் போட்டு, ஆட்டத்தில் சொல்வதுபோல் ‘கஞ்சி காய்ச்சி’, அடுத்த ஆட்டம் ஆடலாம். எல்லாம் போன பிள்ளைக்கு விதியும் முறையும் மாறாத ஓர் இடம் அங்கே கிடைக்கிறது. எதிரே உட்கார்ந்து ஆடும் துணையைச் செல்போன் கொடுக்காது. அதில் ஆட எதிரே ஆள் தேவையில்லை.

துக்க வீட்டில் விளையாட்டா என்று கேட்பீர்கள். பெரியவர்கள் அழட்டும், யாரையும் தடுக்கவில்லை. பிள்ளையின் துக்கம் நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. அழுத கையோடு ஆடவும் போகும். விளையாட்டு மருத்துவமாகுமா என்றால், எல்லோருக்கும் ஆகாது. வாரக்கணக்கில் தூங்காத பிள்ளையை, வெள்ளம் அடித்துப்போவதையே திரும்பத் திரும்ப நடித்துக்காட்டித் தெளிவடையாத பிள்ளையை, மனநல மருத்துவரிடம்தான் அழைத்துப் போக வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளை யாரென்று முதலில் தெரிவதும் விளையாடும் இடத்தில்தான்.

ஆகவே மாநகராட்சிக்கும் பள்ளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே, முகாமாகும் ஒவ்வொரு கட்டடத்திலும் பாண்டியாட்டக் கோடு போட ஒரு முற்றம் ஒதுக்குங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம், இந்த ஆட்டமெல்லாம் தெரிந்த தெருப் பாட்டி ஒருவரை அங்கே உட்காரவையுங்கள்.