வாங்க ஒரு படி, விற்க ஒரு படி

(செங்கற்பட்டு, 1956 டிசம்பர்)



சென்ற வாரம் இதே மைதானத்தில் பேசிய ஒரு தோழர், நவம்பர் 4-ஆம் நாள் முதல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் வீதிகளில் சோவியத் டாங்கிகளுக்கு இரையாகி மாண்டவர்கள் அனைவரும் அமெரிக்கப் பணத்துக்கு விலைபோன கூலிகள் என்று திருவாய் மலர்ந்தருளினார். அதைக் கேட்டு நம் ஊர் ஜனங்களில் சிலர் கைதட்டினார்கள். அந்தக் கைத்தட்டல்தான் என்னை இன்று இம்மேடையில் ஏற்றியிருக்கிறது.

அதே தோழர் அதற்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் போர்ட் சையதில் குண்டுக்கு இரையான எகிப்தியருக்காக நெஞ்சுருகப் பேசினார். அது நியாயமே. தன் தேசத்து மண்ணில் வெட்டிய சூயஸ் கால்வாயை ஜூலை 26-ஆம் நாள் எகிப்து அதிபர் நாஸர் தேசியமயமாக்கியதற்காக, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இஸ்ரேலை முன்னே ஏவிவிட்டு, ‘சண்டையை விலக்கிவைக்க வருகிறோம்’ என்று பின்னால் வந்து குண்டு வீசியது பச்சை அக்கிரமம். ஆனால் எகிப்தியன் இரத்தத்தை ஒரு படியாலும் ஹங்கேரியன் இரத்தத்தை இன்னொரு படியாலும் அளக்கிறவர், நம் நெல் மண்டியில் வாங்க ஒரு படியும் விற்க ஒரு படியும் வைத்திருக்கும் வியாபாரியைக் கண்டு ‘முதலாளி வர்க்கம்’ என்று கர்ஜிக்க என்ன யோக்யதை பெற்றிருக்கிறார்?

கூலிகளாம்! புடாபெஸ்டில் செப்பெல் தீவின் இரும்பாலைத் தொழிலாளிகள், நகரின் மற்றப் பகுதிகள் ஓய்ந்த பின்பும் ஆயுதம் தாங்கி எதிர்த்து நின்றார்களே, அவர்களுக்குக் கூலி கொடுத்தவர் யார்? தொழிலாளர் ராஜ்யம் என்று பெயர் வைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் டாங்கியை நிறுத்துகிறவனைத் தொழிலாளியின் நண்பன் என்று என்னிடம் சொல்லாதீர்கள்! யுகோஸ்லாவியத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்த ஹங்கேரியப் பிரதமர் இம்ரே நாகியை, தீங்கு செய்யமாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்து வெளியே வரவழைத்து, நவம்பர் 22-ஆம் நாள் வழியிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக்கொடுக்காமல் தன் உயிரைக் கொடுப்பதே தர்மம் என்று கேட்டு வளர்ந்த தேசத்தில் இதற்கும் கைதட்டலா?

இனி மறுபுறத்து மகானுபாவர்கள். கால்வாயில் வெள்ளைக்காரன் கப்பல் போனால் நாகரிகம், நின்றால் பிரளயம் என்பதே இவர்கள் சித்தாந்தம். இவர்களுக்கு நம் ஊர்க் கோட்டையின் கதையே போதும். 1751-இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். மறு ஆண்டே கிளைவ் பிடுங்கிக்கொண்டான். 1782 பிப்ரவரியில் நம் சதுரங்கப்பட்டினக் கடலில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானும் பீரங்கியால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். யாருடைய கரை, யாருடைய கடல் என்று எந்தப் பரதவனையும் அவர்கள் கேட்டதுண்டா? அன்று ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தவர்கள் இன்று சூயஸில் தோளோடு தோள் நிற்கிறார்கள். பிறர் வீட்டைப் பங்கிட வேண்டுமானால் பகைவர்களும் பங்காளிகள் ஆவார்கள் போலும். ஹங்கேரியரைத் தம் வானொலியில் நாள்தோறும் உசுப்பிவிட்டு, டாங்கி வந்தபோது ஒரு விரலையும் அசைக்காமல் இருந்தவர்களும் இந்தச் ‘சுதந்திர உலக’த்தார்தாம்.

இன்னொன்று. நவம்பர் 22-ஆம் நாள் இரவு நம் ஸ்டேஷனைக் கடந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், விடியுமுன் அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. மாண்டவர் எந்தக் கட்சி என்று நம்மில் எவரும் கேட்டு அழவில்லை. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தாமாகவே பொறுப்பேற்றுப் பதவியை விட்டு விலகினார். அதே 23-ஆம் நாள், எகிப்தைக் கொளுத்திய பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் துரை ஓய்வெடுக்க ஜமைக்காத் தீவுக்கு விமானம் ஏறினார். அந்தத் துரையிடம்தான் நாம் ஜனநாயகம் படிக்க வேண்டுமாம்!

இம்மாதத் தொடக்கத்தில் சீனப் பிரதமர் சௌ என்-லாய் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்தார். குழிப்பாந்தண்டலத்தில் தாய்சேய் நல விடுதியைத் திறந்துவைத்தார். அதிதியை உபசரிப்பது நம் மரபு, நானும் கைகூப்பினேன். ஆனால் ஹங்கேரியில் சோவியத் செய்தது சரி என்று பீகிங் சொல்லிவிட்டது. அன்று வாழ்த்தொலி எழுப்பிய தோழர்களில் ஒருவர் வாயிலும் ஹங்கேரி என்ற பெயர் வர நான் கேட்கவில்லை. பிள்ளை பெற விடுதி திறப்பதைக் கொண்டாடினோம். புடாபெஸ்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரை மறந்தோம். அங்கே ஒரு படி, இங்கே ஒரு படி!

எனக்கு மிகவும் வலிப்பது நம் சர்க்காரின் படிதான். டில்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டில் பிரதமர் நேரு எகிப்தையும் ஹங்கேரியையும் சேர்த்தே கண்டித்தார். என் நெஞ்சு நிமிர்ந்தது. நான்கே நாளில், நவம்பர் 9-ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபையில் ஹங்கேரியிலிருந்து படைகள் விலக வேண்டும், அச்சபையின் மேற்பார்வையில் சுதந்திரமாகத் தேர்தல் நடத்த வேண்டும் என்ற தீர்மானத்தை எதிர்த்துச் சோவியத் அணியோடு நம் கை உயர்ந்தது. அந்நியர் மேற்பார்வையில் தேர்தல் என்றால் நாளை காஷ்மீருக்கும் அது வந்துவிடும் என்பது அச்சபையில் நமக்காகப் பேசிய கிருஷ்ண மேனன் தரப்பின் சமாதானம். அதாவது, நம் வீட்டுக் கணக்குக்காக அடுத்த வீட்டுப் பிணத்தை எண்ணாமல் விட வேண்டும்! ஜயப்பிரகாச நாராயணர் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அவரையும் அமெரிக்கக் கூலி என்பார்களோ?

இந்தக் கூட்டத்தின் முன் இப்போது ஒரு தீர்மானம் இருக்கிறது. அதில் எகிப்து இருக்கிறது, ஹங்கேரி இல்லை. ‘எகிப்து’ என்ற சொல்லுக்குப் பின் ‘ஹங்கேரி’ என்றும், ‘பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல்’ என்பதற்குப் பின் ‘சோவியத் ரஷ்யா’ என்றும் சேர்க்க வேண்டுமென்று நான் திருத்தம் கொண்டுவருகிறேன். தலைவர் அவர்கள் இதை வாக்குக்கு விட வேண்டும். சென்ற வாரம் பேசிய தோழர் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். மறுப்பதானால் மேடைக்கு வரட்டும், என் நேரத்தில் மிச்சமுள்ள பத்து நிமிஷத்தையும் அவருக்கே கொடுக்கிறேன்.