ஸ்கோர் என்னல?

பணகுடிப் பக்கம் வடலிவிளை என்று ஒரு ஊர் இருக்கிறது. ராதாபுரம் வட்டாரத்துக்காரர்களுக்கு அந்த ஊரைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்கள் பொங்கல் முடிந்த மறுநாள் பத்திரிகையில் படம் பார்த்திருப்பீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் அங்கே இளவட்டக்கல் தூக்குகிற போட்டி நடக்கும். கல் உருண்டையாக, வழுவழுவென்று இருக்கும். கை வைத்துப் பிடிக்க ஒரு மூலை, ஒரு விளிம்பு கிடையாது. சின்னக் கல்லே நாற்பது கிலோவுக்கு மேல். பெரிய கல் நூறு கிலோவைத் தாண்டும்.

தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லை அணைத்து, முதலில் தொடைமேல் ஏற்றவேண்டும். அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் நெஞ்சு. நெஞ்சிலிருந்து தோள். தோளுக்குப் போய்விட்டால் பின்பக்கமாகக் கீழே தள்ளிவிடலாம், வேலை முடிந்தது. முக்கால்வாசிப் பேர் தொடைக்கும் நெஞ்சுக்கும் நடுவிலேயே கல்லை விட்டுவிடுவார்கள். சுற்றி நிற்கிற கூட்டம் ஓவென்று கத்தும். அதில் கேலியும் உண்டு, பரிதாபமும் உண்டு.

இந்தக் கல்லுக்குக் கல்யாணக்கல் என்றும் ஒரு பெயர். கல்லைத் தூக்கினவனுக்குத்தான் அந்தக் காலத்தில் பெண் கொடுத்தார்கள் என்று பெருமையாகச் சொல்லுவோம். மேடையில் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிலம் பார்க்காமல், சாதி பார்க்காமல், சொந்தம் முறை பார்க்காமல், கல்லை மட்டும் பார்த்துப் பெண் கொடுத்த அப்பன் எந்த ஊரில் இருந்தான்? அத்தை மகனுக்குக் கல் தூக்க முடியவில்லை என்பதற்காக அத்தை வீட்டு உறவையா முறித்துக்கொண்டார்கள்? மாப்பிள்ளை ஏற்கெனவே முடிவாகியிருப்பான். கல் அவனுக்கு வைத்த சடங்கு. கலித்தொகையில் முல்லைக்கலி இருக்கிறது. காளையின் கொம்புக்குப் பயப்படுகிறவனை அடுத்த பிறவியிலும் ஆயர்குலப் பெண் தழுவமாட்டாள் என்று அதில் வருகிறது. அங்கேயும் காளையை அடக்க இறங்கினவன் ஆயர்குலத்துப் பையன்தான். பரிசு யாருக்குள்ளே போகவேண்டும் என்று வேலி போட்டுவிட்டுத்தான் போட்டி வைத்தார்கள்.

இருந்தாலும் அந்தக் கல்லுக்கு ஒரு நேர்மை இருந்தது என்று நினைக்கிறேன். தூக்கு என்று சொல்லும். தூக்கினால் தூக்கினாய், இல்லையென்றால் இல்லை. வருஷத்தில் ஒரு நாளோடு போயிற்று. உனக்குக் கல் பிடித்திருக்கிறதா, கல்லைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரியுமா என்று அது யாரையும் கேட்கவில்லை.

இன்றைக்கு ராதாபுரம் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் போய் நில்லுங்கள். டீ வருவதற்குள் பக்கத்தில் நிற்கிறவர் கேட்பார், "ஸ்கோர் என்னல?" என்று. தெரியாது என்று சொன்னால், "ஏ, மேட்ச் பாக்கலியா?" தோதான ஒரு காரணம் சொன்னால் விட்டுவிடுவார். கரண்ட் இல்லை, வேலை இருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், எதுவும் செல்லும். "எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதிரி பார்ப்பார். நாற்பது வயது ஆளாக இருந்தால் அந்தப் பார்வையோடு நின்றுபோகும். பதினாலு வயதுப் பையனாக இருந்தால் வாயிலேயே சொல்லிவிடுவார்கள், பொட்டப்பிள்ளை மாதிரி இருக்கான் என்று.

இப்படித்தான் ஆண்களுக்கு ஒரு பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. விளையாடச் சொல்லிக் கேட்கிற பரீட்சை இல்லை இது. பிடிக்கவேண்டும் என்று கேட்கிற பரீட்சை. எந்த அணி, எத்தனை ரன், யாரை ஏலத்தில் எடுத்தார்கள், ஏன் அவனை உட்காரவைத்தார்கள் என்று பேசத் தெரிந்திருக்கவேண்டும். ஐ.பி.எல். நடக்கிற இரண்டு மாதம் அலுவலகத்தில், வாட்ஸ்அப் குழுவில், மாமனார் வீட்டுத் திண்ணையில் இதே பேச்சு. புது மாப்பிள்ளையும் மைத்துனனும் பேசிக்கொள்ள வேறு விஷயமே இல்லையோ என்று தோன்றும். பேச்சுக்கு ஒரு தொடக்கமாக இருப்பது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. பேச்சைத் தொடங்குகிற கேள்வியே ஆளை எடைபோடுகிற கேள்வியாகவும் ஆகும்போதுதான் சங்கடம்.

இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பாதி நம்முடையது, பாதி இரவல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில், மைதானத்தில்தான் ஆண்பிள்ளை உருவாகிறான் என்று ஒரு நம்பிக்கை வேரூன்றியது. பேரரசை ஆள அனுப்புகிற பிள்ளைகளை அப்படித்தான் தயார் பண்ணினார்கள். அந்த நம்பிக்கை மிஷன் பள்ளிகள் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. 1890களில் ஸ்ரீநகரில் டின்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் தம் பள்ளிக்கு ஒரு கால்பந்தைக் கொண்டுவந்தார். பிராமணப் பையன்கள் தோலைத் தொடமாட்டோம் என்றார்கள். அவர் விடவில்லை. கம்பு வைத்துக்கொண்டிருந்த ஆசிரியர்களை மைதானத்தைச் சுற்றி நிறுத்திவிட்டு விளையாடச் சொன்னார். அந்தப் பள்ளி நல்ல காரியங்களும் நிறையச் செய்திருக்கிறது. ஆனாலும் கம்பைக் காட்டி விளையாட்டில் பிரியம் வரவழைக்கலாம் என்று நினைத்தது எனக்கு விநோதமாகத்தான் படுகிறது. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டு சொல்லிக்கொடுப்பது ஒரு படிப்பாகவும் தொழிலாகவும் இங்கே நிலைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதை இப்படியே விட்டால் விளையாட்டு முழுக்க வெளியிலிருந்து வந்த சுமை என்று ஆகிவிடும். அது நியாயம் இல்லை. தாமிரபரணிக் கரையில் கபடிக்கு இருக்கிற இடம் வேறு. மணத்தி கணேசனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஊர்ப்புறத்திலிருந்து போய், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது. மின்வாரியத்தில் வேலை. அவர் வாழ்க்கையை வைத்து மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படம் 2025இல் வந்தது. ஊர்ச் சண்டைக்கும் சாதிக் கோபத்துக்கும் நடுவே ஒரு பையனுக்கு வெளியேற ஒரு வழி வேண்டும் என்றால், அந்த வழி கபடிக் கோட்டுக்குள்ளே இருக்கலாம். போலீஸ், ரயில்வே, வங்கி என்று விளையாட்டு வழியாக வேலைக்குப் போனவர்கள் இந்த மாவட்டங்களில் எத்தனையோ பேர். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் அப்பா பையனிடம் "கிரவுண்டுக்குப் போலே" என்று சொன்னால், அதை வெறும் ஆம்பிளைத்தனப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அதில் சோற்றுக் கணக்கு இருக்கிறது. கபடி உனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதும் இல்லை. ரெய்டு போய்த் தொட்டுவிட்டு வருகிறாயா, அவ்வளவுதான்.

டி.வி. முன்னால் உட்கார்ந்து கேட்கிற கேள்விக்கு அந்தச் சோற்றுக் கணக்கும் கிடையாது, உடம்பு வருத்தமும் கிடையாது.

வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் போகக்கூடாது: கிரிக்கெட்டை நம் பக்கத்து வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் வானொலிக்குப் பங்கு உண்டு. பக்கத்துச் சாத்தான்குளத்துக்காரர் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை செய்தார். அதற்கு முன்னால் இலங்கை வானொலி நாடகங்களில் நடித்தவர் அவர். அந்த நாடகப் பயிற்சி குரலில் தெரியும். பந்து எல்லைக்கோட்டுக்குப் போவதற்குள் கேட்கிறவன் எழுந்து நின்றுவிடுவான். கிரிக்கெட் ஒரு சுக்கும் பிடிக்காமல், அவர் தமிழுக்காகவே டிரான்சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் மேட்ச் கேட்டார்களா, கதை கேட்டார்களா? எதுவாக இருந்தாலும் யாரும் அவர்களை விசாரிக்கவில்லை.

இன்னொன்று. ஆம்பிளை என்றால் இப்படித்தான் என்று இன்றைக்கு நாம் போட்டுக்கொண்டிருக்கிற அளவுகோல், நம் ஊர்க் கோவில் கொடையிலேயே செல்லாது. சுடலைமாடன் கொடைக்கு வில்லுப்பாட்டு உண்டு, கணியான் கூத்து உண்டு. கணியான் கூத்தில் அண்ணாவி பாடுவார், மகுடம் முழங்கும், ஆண்கள் பெண் வேஷம் கட்டி ஆடுவார்கள். சேலை கட்டி, சலங்கை கட்டி, விடிய விடிய ஆட்டம். அவர்கள் இல்லாமல் கொடை நிறைவாகாது. மீசை முறுக்கின பெரியாட்கள் கை கட்டி நின்று பார்ப்பார்கள். அதே ஆட்கள் மறுநாள் காலையில், பந்தைக் கண்டு ஒதுங்குகிற தம் பேரனைப் பார்த்து, பொம்பளை மாதிரி நிற்காதல என்பார்கள். சாமிக்கு முன்னால் சரி, மைதானத்தில் தப்பு. என்ன கணக்கோ!

அந்த வசவிலேயே அடி இரண்டு பேருக்கு விழுகிறது. பையனுக்கு ஒன்று. அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற அவன் அக்காவுக்கு ஒன்று. பொம்பளை மாதிரி என்பது வசவு என்றால், அவள் பொம்பளையாகவே இருக்கிறாளே! அவளுக்கு ஓடப் பிடிக்கும், பந்து எறியப் பிடிக்கும். ஆனால் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வரவேண்டும். ஒரே வீட்டில் போகமாட்டேன் என்கிறவனைப் போ என்கிறோம், போகிறேன் என்கிறவளை வா என்கிறோம். வடலிவிளையில் இப்போது பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள், உரல் தூக்குகிறார்கள். ஐம்பது கிலோ தாண்டின கல்லைத் தோள்மேல் போட்டுப் பின்னால் தள்ளுகிற பெண்களின் படம் வருஷாவருஷம் பத்திரிகையில் வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகும், உடம்பு பலம் ஆணுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து என்று எப்படிப் பேசுகிறோம் என்று தெரியவில்லை.

அப்பாக்களிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் பையனுக்குப் பத்து வயது. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் ரப்பர் பந்து வைத்து விளையாடுகிறார்கள். ஆடிக் காற்றில் பந்து பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போகிறது, எடுக்க ஓடுகிறார்கள். உங்கள் பையன் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருக்கிறான். உங்களுக்குப் பயம் வருகிறது. நாளைக்கு நாலு பேரோடு சேராமல் போய்விடுவானோ, அடித்தால் திருப்பி அடிக்கத் தெரியாதோ என்கிற பயம். பிள்ளை மேல் உள்ள பிரியத்தில் வருவதுதான் அது. அதனால் மட்டையை வாங்கிக் கையில் கொடுத்து வெளியே தள்ளுகிறீர்கள். சரி.

அவனும் மெல்ல மெல்லப் பழகுகிறான் என்று வையுங்கள். பதினைந்து வயதில் பத்தாம் வகுப்பு வருகிறது. அப்போது அதே மட்டையைப் பிடுங்கி பரண்மேல் போடுகிறவரும் நீங்கள்தான். "என்னல விளையாட்டு? பரீட்சை வருது" என்கிறீர்கள். பள்ளிக்கூடமும் உங்கள் கட்சிதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அட்டவணையில் பி.டி. பீரியட் என்று எழுதியிருக்கும். வகுப்புக்குள் வருகிறவர் கணக்கு சார். ஐந்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை பிள்ளைகளின் உடம்பு தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக அசையவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 60 நிமிடத்தை நாம்தான் எடுத்துவிட்டோம். எடுத்த பிறகும் பிடித்திருக்கவேண்டும் என்ற கட்டளை மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் கால் ஓடவேண்டிய வயதில் கண் மட்டும் ஓடுகிறது, டி.வி.யிலும் போனிலும். வரைந்துகொண்டிருந்தவனுக்கு வரைவதும் போயிற்று, விளையாடினவனுக்கு விளையாட்டும் போயிற்று. இரண்டு பேருக்கும் மிஞ்சினது ஸ்கோர்.

இருபத்தைந்து வருஷம் கழிகிறது. சர்க்கரை வருகிறது. தினமும் நடங்க என்று டாக்டர் எழுதிக்கொடுக்கிறார். பாளையங்கோட்டையில் இருந்தால் விடியற்காலையில் வ.உ.சி. மைதானத்துப் பக்கம், நம் ஊரில் இருந்தால் கால்வாய்க் கரை, இல்லையென்றால் பள்ளிக்கூட மைதானம். போய்ப் பாருங்கள், மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, ஆம்பிளைகள் நடந்துகொண்டிருப்பார்கள். மேட்ச் பார்க்கிறவரும் உண்டு, மேட்ச் என்றாலே எழுந்து போகிறவரும் உண்டு. டாக்டர் வாரத்துக்கு 150 நிமிடம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார், நடப்பது பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்கவில்லை. பிடிக்காமல்தான் பாதிப் பேர் நடக்கிறார்கள். சர்க்கரை அதற்கும் இறங்குகிறது.