கரையில் சொல்லிவிட்டுக் கடலேறுங்கள்

(பங்கு யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெளிநாடு செல்ல ஆயத்தமாகும் நம் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி எங்களைப் பணித்தார்கள். எங்களில் சிலர் வளைகுடாவில் வலை இழுத்துத் திரும்பியவர்கள். பட்டறிந்ததையே சொல்கிறோம்.

முகத்துவாரம் தூர்ந்து, ஏரியில் இறாலும் நண்டும் குறையும்போது, பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியே போவதைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் நம் பழவேற்காட்டுக் கரைக்கு ஒரு துயர நினைவு உண்டு. 1613-ல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்த நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் நொந்த ஏழைகளை விலைக்கு வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். கோட்டை இடிந்து போயிற்று. பசித்தவனை ஏய்த்துக் கடல் கடத்தும் தொழில் மட்டும் இன்னும் ஒழியவில்லை.

2022-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், எல்லை தாண்டி மியன்மாருக்குள் கடத்தப்பட்டு, அடைத்து வைக்கப்பட்டு, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையில் கட்டாயமாக அமர்த்தப்பட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்களும் படித்த பிள்ளைகளே.

அப்படியானால் நாம் என்ன செய்வது? கடலேறுமுன் காற்றைப் பார்க்கிறோம், எஞ்சினைப் பார்க்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று கரையில் சொல்லிவிட்டுப் போகிறோம். படகு வரத் தாமதமானால் தேடிப்போக ஆள் இருக்கிறது. இதே வழக்கத்தை வெளிநாட்டுப் பயணத்துக்கும் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஏஜெண்டு யார் என்று பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவு பெற வேண்டும் என்று 1983-ல் வந்த குடிபெயர்வுச் சட்டம் வகுத்தது. அவரது பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். “சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறோம்” என்று எவராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஒப்பந்தத்தைப் படியுங்கள். சம்பளம், வேலை, முதலாளி பெயர் மூன்றும் அதில் இருக்கவேண்டும். மீன்பிடிக்கப் போகிறவர்கள், எந்த நாட்டு எல்லைக்குள் வலைவிடப் போகிறோம் என்பதையும் கேளுங்கள். முதலாளி சொன்ன இடத்துக்குப் படகைச் செலுத்தி, எல்லை தாண்டியதாக அந்நியச் சிறையில் கிடந்த தமிழக மீனவர் பலர்.

மூன்றாவது, பெட்டியைப் பாருங்கள். தாய்மார்களே, மசாலாவோடு கசகசாவைக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். வளைகுடா நாடுகள் சிலவற்றில் அது போதைப்பொருளாகக் கருதப்படும். மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். “என் தம்பியிடம் கொடுத்துவிடு” என்று எவர் தரும் பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. எங்களில் ஒருவர் போய் இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஆறு மாதம் சம்பளமும் இல்லை. வீட்டில் அவர் மனைவி பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். அந்த நகல்களைக் காட்டித்தான் இந்தியத் தூதரகத்தில் முறையிட முடிந்தது. அவரும் ஊர் திரும்பினார். பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. அதைப் பறித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

ஆகவே, புறப்படும் பிள்ளை நகல்களை வீட்டில் ஒன்றும், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் ஒன்றுமாகக் கொடுத்துவிட்டுப் போகட்டும். வாரத்தில் எந்த நாள் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். ஆபத்து வந்தால் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அதற்கென வீட்டாருக்கு மட்டும் புரியும் ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வையுங்கள். குறித்த நாளில் குரல் வராவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே பங்கில் சொல்லுங்கள், ஊரில் சொல்லுங்கள். மனு எழுத நாங்கள் வருகிறோம்.

அன்று இக்கரையிலிருந்து கப்பலேறியவர்களைத் தேட ஒருவரும் இல்லை. இன்று புறப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேட ஓர் ஊர் இருக்கிறது. சென்று, சுகமாய்த் திரும்பி வாருங்கள்.