பனிக்காலத்திலும் வெளியே வருவோம்

(சூளகிரியில் நடந்த கார்த்திகை மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம் உங்களைப் பற்றி மட்டும் பேசலாம் என்று நினைக்கிறோம். கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

பனிக்காலம் வந்துவிட்டது. ஓசூர்ப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் சென்னைக்காரர்கள் ஃபேன் போட்டுத் தூங்குகிற மார்கழியில் நாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறோம். "சிவராத்திரிக்கு சிவசிவான்னு குளிர் போயிடும்" என்று பெரியவங்க சொல்வாங்க. அதாவது கார்த்திகையிலிருந்து மாசி வரை நாலு மாசம்.

இந்த நாலு மாசமும் நமக்கு ஓய்வு கிடையாது. ராகி அறுக்கணும், களத்தில் அடிக்கணும், தூற்றணும். அவரைக்காய் பறிக்கணும். விடியறதுக்குள்ள கொத்தமல்லி, புதினா கட்டு கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பணும். மாடு கறக்கணும், பால் சொசைட்டிக்குப் போகணும். கம்பெனிக்குப் போகிற தங்கச்சிகள் இருட்டிலேயே பஸ் ஏறி, இருட்டின பிறகு இறங்குகிறார்கள். நடுவில் கார்த்திகை தீபம், பொங்கல், பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை.

போன மாசம் குழுக் கூட்டங்களுக்கு வந்தபோது நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "வேலைக்காக இல்லாமல், சும்மா, உங்க சந்தோஷத்துக்காக எப்போ வெளியே வந்தீங்க?" பல பேர் சிரித்தார்கள். ஒரு அக்கா சொன்னார்: "சும்மா வெளியே நின்னா, வேலை இல்லாதவன்னு சொல்லுவாங்க மேடம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

யாருக்கு என்ன தேவை?

"நாங்க நாள் பூரா குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யறோம், இன்னும் என்ன நடக்கறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வழிகாட்டி வெளியிட்டது. களத்து வேலை, வீட்டு வேலை, நடை எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். அப்படிப் பார்த்தால் காட்டு வேலை செய்கிற அக்காக்கள் இரண்டே நாளில் அதைத் தாண்டிவிடுவார்கள்.

ஆனால் காட்டு வேலையில் முதுகு ஒரே பக்கமாக வளைகிறது. அவர்களுக்குத் தேவை நிமிர்தல். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரிவாளைக் கீழே வைத்து, இடுப்பில் கை வைத்து மெதுவாகப் பின்பக்கம் சாயுங்கள். தோளைச் சுழற்றுங்கள். குளிரில் உடம்பு இறுகியிருக்கும். எழுந்ததும் நேராக மூட்டை தூக்கினால் பிடித்துக்கொள்ளும். முதலில் கொஞ்சம் நடந்து உடம்பு சூடான பிறகு தூக்குங்கள்.

கம்பெனியில் ஒரே இடத்தில் நிற்கிறவர்கள், வீட்டில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கு நடை கட்டாயம் வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள் போதும். தமிழக அரசு 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று திட்டம் தொடங்கியது. நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஏரிக்கரை இருக்கிறது, கோயில் மைதானம் இருக்கிறது.

வெயிலும் ஒரு சத்து

எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி, தோல் மேல் வெயில் படும்போது உடம்பிலேயே உண்டாகிறது. காலை இளவெயிலில்தான் அது கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறோம். அந்த வெயில் இதமானது. தூக்கம் ஒழுங்காக வரவும் உதவும். ஆனால் வைட்டமின் டி அதிகமாக உண்டாவது வெயில் உயர்ந்த பிறகுதான், சுமார் 10 மணியிலிருந்து 3 மணி வரை. கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயில் இதற்கு உதவாது. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷமாவது வெளியே வந்து, கையிலும் முகத்திலும் வெயில் படும்படி நில்லுங்கள்.

ஜாக்கிரதை முக்கியம்

வெளியே வாங்க என்று சொல்கிற நாங்களே, விடியாமல் தனியாகப் போகாதீர்கள் என்றும் சொல்கிறோம். ராகி முற்றுகிற நேரத்தில் கர்நாடகக் காட்டுப் பக்கமிருந்து யானைகள் வந்து சானமாவு, போடூர்பள்ளம் காடுகளில் தங்குவது நம் எல்லாருக்கும் தெரியும். நம் பகுதியில் உயிர்களே போயிருக்கின்றன. வனத்துறை எச்சரிக்கை கொடுத்த நாட்களில் காட்டோரப் பாதை வேண்டவே வேண்டாம். வெளிக்குப் போவதானாலும் துணையோடு, டார்ச்சோடு போங்கள். நடைக்குப் பொழுது நன்றாக ஏறிய பிறகு போனால் போதும்.

தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள் மூடுபனியில் ரோட்டைக் கடக்காதீர்கள். நடக்கும்போது எதிரே வண்டி வருகிற பக்கமாக, வலது ஓரத்தில் நடங்கள். வெளிர் நிறத் துணி இருந்தால் வண்டிக்காரருக்குத் தூரத்திலேயே தெரியும்.

குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பு, கனல் சட்டி வைத்துத் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் விஷ வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

குளிர் நாளில் தாகம் எடுக்காது. அதனால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறோம். காட்டிலும் கம்பெனியிலும் ஒதுங்க இடமில்லை என்று வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறவர்களும் உண்டு. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று இப்படித்தான் வருகிறது. வெந்நீராவது குடியுங்கள். கழிப்பறை வசதி கேட்பது வெட்கமான விஷயம் இல்லை, நம் உரிமை.

ஆஸ்துமா இருக்கிறவர்கள் பனி விலகிய பிறகு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வெளியே வாங்க. 30 வயது தாண்டியவர்கள் பிரஷர், சுகர் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு தேடி வந்து இதைப் பார்க்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் தன்னார்வலர்களாகச் சேர்ந்ததும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான்.

குழுவாகச் செய்வோம்

இனி அந்த அக்கா சொன்ன வார்த்தைக்கு வருவோம். தனியாக ஒருத்தி ஏரிக்கரையில் நடந்தால் ஊர் கேள்வி கேட்கும். பன்னிரண்டு பேர் சேர்ந்து நடந்தால் அது குழு வேலை! 1989-ல் அப்போதைய தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. நம் சூளகிரியும் அன்று அதே மாவட்டம். "பொம்பளைங்க கூடி என்னத்தைப் பேசப் போறாங்க" என்று அன்று கேட்டதை மூத்த உறுப்பினர்கள் இன்னும் சொல்கிறார்கள். அன்று கூட்டத்துக்கு வெளியே வரத் துணிந்தோம். பேங்க் வாசல் ஏறத் துணிந்தோம். இன்று நம் உடம்புக்காகவும் மனசுக்காகவும் வெளியே வர ஏன் தயங்கணும்?

நாங்கள் கேட்பது நாலே விஷயம்.

1. தை, மாசி முடியும் வரை குழுக் கூட்டத்தை ராத்திரி வீட்டுக்குள் வைக்காமல், முடிந்தவர்கள் மதியம் 3 மணிக்கு வெயில் படுகிற திண்ணையிலோ மைதானத்திலோ வையுங்கள். கம்பெனிக்குப் போகிறவர்கள் இருக்கிற குழு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம்.

2. கூட்டத்துக்கு முன் கால் மணி நேரம் எல்லாரும் சேர்ந்து நடங்கள். நடக்க முடியாத பாட்டிமார்கள் வெயிலில் உட்கார்ந்து கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்கும் பேச்சுத்துணை ஆச்சு.

3. பொங்கலுக்கு எருது விடும் விழா நடக்கும். நாம் மாடியில் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவோம். இந்த வருஷம் நமக்கென்று ஒரு மாலை: கோலம், கும்மி, கயிறு இழுத்தல், லெமன் ஸ்பூன். மாமியார், மருமகள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று கயிறு இழுக்கட்டும்!

4. இதையெல்லாம் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எழுதினால்தான் நடக்கும். அந்த அரை மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்று வீட்டுக்காரரிடம் முன்பே பேசி வையுங்கள்.

பனி விழுந்தால்தான் அவரைக்காய்க்கு வாசனை என்று நம் பக்கம் சொல்வோம். பனியைப் பயிர் பயன்படுத்திக்கொள்கிறது. நாமும் பயன்படுத்திக்கொள்வோம். வாரா வாரம் போடுகிற சேமிப்பு மாதிரி இந்த அரை மணி நேரத்தையும் நமக்காகப் போட்டு வைப்போம். இந்தச் சேமிப்பை யாரும் கடன் கேட்டு வர மாட்டார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எந்தெந்தக் குழு தீர்மானம் எழுதியது என்று நோட்டைப் பார்ப்போம். மறக்காமல் கொண்டு வாங்க.